அப்டேட் போட்டதும் கம்ப்யூட்டர் ஏன் உறைஞ்சு போகுது?



போன மாசம் நம்ம லேபில் மூணாவது கம்ப்யூட்டர் திடீர் திடீர்னு நின்னுட்டே, ஞாபகம் இருக்கா? மவுஸ் அம்பு நகராது. எதை அமுக்கினாலும் அசையாது. வியாழக்கிழமை அது நின்னப்போ அதில் உட்கார்ந்திருந்தவள் எட்டாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி. "ஏட்டி, நீ எதை அமுக்கின?" என்று எல்லாரும் அவளையே கேட்டோம். நானும்தான் கேட்டேன். அதற்கப்புறம் அவள் லேபு பக்கமே வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவள் மேல் தப்பே இல்லை என்று.

முதலில் டிரைவர் என்றால் என்ன? பஸ் ஓட்டுகிறவர் இல்லை! ஸ்கிரீன், சவுண்டு, பிரிண்டர் என்று ஒவ்வொரு பாகத்துக்கும் விண்டோஸுக்கும் நடுவில் நின்று வேலை வாங்கும் சின்ன புரோகிராம். கன்னடியன் கால்வாயில் தண்ணி எவ்வளவு வந்தாலும் மடை திறந்தால்தானே வயலுக்குப் பாயும்? அந்த மடையைத் திறந்து அடைக்கிற ஆள் மாதிரிதான் டிரைவர். அப்டேட் என்பது பழைய ஆளை அனுப்பிவிட்டுப் புது ஆளைப் போடுவது. பெரும்பாலும் புது ஆள் நல்லாவே பார்ப்பார். சில சமயம் திறக்க வேண்டிய நேரத்தில் அடைத்துவிடுவார். கீழ் வயல்காரர் காத்துக்கிட்டே நிற்பார். டிரைவர் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸும் அப்படித்தான் காத்துக்கிட்டே நிற்கும். வீடியோ ஓடும்போது, தூங்கி எழும்போது என்று சில நேரம் மட்டும் அந்தத் தப்பு வெளியே வரும். அதனால்தான் "நேத்து நல்லாத்தானே இருந்துச்சு" என்று நாம் சொல்கிறோம்.

இது நம்ம பள்ளியில் மட்டும் நடப்பது என்று நினைக்காதீர்கள். 2024 ஜூலை 19 அன்று காலை 9.39 மணிக்கு கிரவுட்ஸ்டிரைக் என்ற கம்பெனி, கம்ப்யூட்டர்களைப் பாதுகாக்கும் தன் புரோகிராமுக்கு ஒரு அப்டேட் அனுப்பியது. அந்தப் புரோகிராமும் டிரைவர் மாதிரி விண்டோஸின் உள்ளறைக்குள்ளேயே ஓடுவது. 20 விவரம் மட்டுமே இருந்த இடத்தில் அது 21ஆவதைத் தேடப் போனது, அவ்வளவுதான்! உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டிப் படுத்துவிட்டன. ஹைதராபாத் விமான நிலையத்தில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். (நம்ம சுவர் இதழ் மாதிரியே!) 78 நிமிடத்தில் அந்த அப்டேட்டை நிறுத்திவிட்டாலும், படுத்துப் போனவற்றில் ரொம்பக் கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக சேஃப் மோடில் திறந்து அந்த ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது.

இனி நம்ம கதை. அடுத்த முறை நின்றபோது சார் 'கேப்ஸ் லாக்'கை அமுக்கிப் பார்க்கச் சொன்னார். அந்தச் சின்ன லைட் எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, ஏதோ ஒரு புரோகிராமோ ஸ்கிரீனோதான் நின்றிருக்கலாம். எரியவில்லை. முழுக்க உறைந்திருந்தது. வேறு வழியில்லாமல் பவர் பட்டனை விடாமல் அமுக்கி அணைத்தோம். சும்மா சும்மா இப்படிச் செய்யக் கூடாது, சேமிக்காதது எல்லாம் போய்விடும்.

மறுபடி போட்டதும் ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று இங்கிலீஷில் டைப் செய்தோம். நாள்வாரியாக ஒரு கட்டம் வந்தது. செவ்வாய்க்கிழமை ஸ்கிரீன் டிரைவர் அப்டேட். புதன்கிழமையே இரண்டு சிவப்புப் பெருக்கல் குறி, அதாவது கம்ப்யூட்டர் ஒழுங்காக அணையவில்லை என்று அர்த்தம். அந்தத் தங்கச்சி அதில் உட்கார்ந்ததோ வியாழன்! எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆனாலும் சார், "தேதி ஒத்துப் போனா மட்டும் போதாது, சோதிச்சுப் பாக்கணும்" என்றார். ஷிஃப்டை அமுக்கிக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, வருகிற மெனு வழியாக சேஃப் மோடுக்குப் போனோம். அதில் அவசியமான சாதாரண டிரைவர்கள் மட்டும் ஓடும். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க ஓடவிட்டோம். நிற்கவே இல்லை. அங்கேயும் நின்றிருந்தால் சூடு, தூசி, ராம், ஹார்டு டிஸ்க் என்று தேட வேண்டியிருக்கும்.

பிறகு டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்தார். பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார்! அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் உள்ளே இல்லை என்று பொருள். அப்போது கம்ப்யூட்டர் கம்பெனியின் தளத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அதே டிரைவர் மறுநாளே வந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, ஒரு வாரத்துக்கு மட்டும் அப்டேட்டை நிறுத்தி வைத்தார். ஒரேயடியாக நிறுத்தினால் வைரஸுக்குக் கதவு திறந்த மாதிரி ஆகிவிடுமாம்.

மூணு வாரமாக ஒரு தடவைகூட நிற்கவில்லை. திங்கட்கிழமை நான் எட்டாம் வகுப்புக்குப் போய் அந்தத் தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். "போங்கக்கா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் நேற்று மூணாவது கம்ப்யூட்டரில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள்.

- 9ஆம் வகுப்பு மாணவி