கணுவழித் தரவாய்வு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரிமழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புக்களிற் புகுந்து தங்குதலாலேயே கிணறுகள் ஊறுகின்றன. தோட்டப் பசளையும் மலகூடக் குழிகளின் கசிவும் அவ்வழியே இறங்கி நீரில் நைத்திரேற்றை மிகுவிக்கின்றன. கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை அது குன்றச் செய்யும். இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு.

சில நூறு கிணறுகளின் அளவீடுகள் ஊர், மாதம், ஆழம், அயற்பயிர் என்னும் விவரங்களோடு கிடைத்தன என்று கொள்வோம். அவற்றை ஆராய்வது எங்ஙனம்? விரிதாளில் ஓர் எண்ணை மாற்றி எழுதின், முன்னிருந்தது மறைந்துபோம். மாற்றியவரே பின்னர் அதனை மறத்தலும் உண்டு. நிரல்மொழியில் எழுதின் ஒவ்வொரு படியும் நிலைத்திருக்கும். ஆயின் அம்மொழியின் இலக்கணத்தை முன்னரே கற்றல் வேண்டும். கணுமுறையோ இவ்விடர் இரண்டையும் தணிப்பது. இதில் ஒவ்வொரு செயலும் திரையில் ஒரு கணுவாகும். கணுக்களை இணைக்கும் கோட்டின்வழித் தரவு, வாய்க்கால் நீர் பாத்திக்குப் பாய்வதுபோலச் செல்லும். நிரலைப் படமாக வரையும் எண்ணம் புதியதன்று. 1966 இலேயே வில்லியம் சதலன்ட் என்பார் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் இதனை ஆய்வேடாக்கினார். இன்று சுலோவீனியாவின் லியுபிளியானாப் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஒறேஞ்’, யேர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ‘நைம்’ ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன.

ஒறேஞ்சில் முதற்கணு கோப்பைத் திறக்கும். அடுத்தது வேண்டிய நிரைகளைத் தெரியும். பிறிதொன்று ஆழத்தையும் நைத்திரேற்றையும் புள்ளிப்படமாக்கும். படத்தில் விலகிநிற்கும் புள்ளிகளைச் சுட்டியால் வளைத்தால், அதனோடு இணைந்த அட்டவணைக் கணு அக்கிணறுகளை மாத்திரம் காட்டும்.

இனி, இம்முறையின் பயன் நன்கு விளங்கும் இடம் ஒன்றுண்டு. ஆய்வுகூடங்கள் சில நைத்திரேற்றாகவும், சில அதிலுள்ள நைதரசனாகவும் அளவைத் தருவன. பின்னதை 4.43 ஆற் பெருக்கினாலே முன்னது வரும். ஆதலின் 12 என்னும் எண் நைத்திரேற்றாயின் அச்சமில்லை. நைதரசனாயின் அது 53 ஆகி வரம்பைக் கடக்கும். இரண்டையும் கலந்துவிட்டவர், தவறு தெரிந்தபின் இடையில் ஒரு சூத்திரக் கணுவைச் செருகினாற் போதும். அதன்பின் வருவன யாவும் தாமே திருந்தும். மூலக்கோப்போ மாறாதிருக்கும். எவ்வெண் எவ்வலகினது என்பதை மாத்திரம் எந்தக் கணுவும் உரைக்காது. அதனை ஆய்வுகூடத்திற் கேட்டேயறிதல் வேண்டும்.

கணுக்கள் நாற்பது, ஐம்பது எனப் பெருகின் கோடுகள் பின்னிச் சிக்குண்ணும். மீண்டும் மீண்டும் செய்யும் வேலைக்கு எழுத்து நிரலே சுருக்கமானது. எனினும் ஒரு பாடசாலை வரைந்த படத்தை மற்றொரு பாடசாலை பெற்று, முதற்கணுவில் தன்னூர்க் கிணறுகளின் கோப்பை மாற்றியிட்டு ஆராயலாம். நிரற்பெயர்கள் இரண்டிலும் ஒத்திருத்தல் வேண்டும்.