மனோதத்துவப் பட்டத்தின் தரத்தை அறிவது எப்படி?

மனித மனத்தின் இயல்பை அறிய வேண்டுமென்ற ஆவல் நம் இளைஞரிடையே பெருகி வருவதும், அவ்வாவலை உணர்ந்து தனியார் பல்கலைக்கழகங்கள் பி.எஸ்ஸி. உளவியல் வகுப்புகளைத் திறந்து வருவதும் மகிழ்ச்சிக்குரியவையே. ஆயினும், பெரும்பொருள் செலவிட்டுப் பிள்ளையைச் சேர்க்கப்போகும் பெற்றோர், கட்டடத்தின் கம்பீரத்தையும் விளம்பரத்தின் சொல்லழகையும் ஒதுக்கிவிட்டு, அவ்வகுப்பின் உண்மைத் தரத்தை ஆராய்ந்தறிவது அவசியமாகும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா என்பது முதற்கேள்வி. உயர்கல்வி நிறுவனங்களைத் தரமதிப்பிடும் ‘நாக்’ அமைப்பு அளிக்கும் மதிப்பீடோ ஸ்தாபனம் முழுவதற்கும் உரியதாகையால், அதன் உயர்வைக் கொண்டு மாத்திரம் உளவியல் துறையின் சிறப்பை நிர்ணயித்துவிட முடியாது; அதற்குத் துறையின் பரிசோதனைச் சாலையைப் பார்க்க வேண்டும்.

1879ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் அமைத்த பரிசோதனைச் சாலையிலிருந்தே நவீன மனோதத்துவம் தன் சரித்திரத்தைக் கணக்கிடுகிறது. நம் தேசத்திலும், 1916இல் கல்கத்தாவில் என்.என். சென்குப்தாவின் தலைமையிலும், 1924இல் மைசூரில் எம்.வி. கோபாலசுவாமியின் தலைமையிலும் எழுந்த துறைகள் பரிசோதனையைப் பிரதானமாகக் கொண்டே வளர்ந்தன. ஆகவே, பரிசோதனைச் சாலையைப் பூட்டிவைத்துவிட்டுப் பாடப்புத்தகத்தை மனனம் செய்விக்கும் வகுப்பு, எத்தனை பெரிய பெயர் பெற்றிருப்பினும், அந்தப் பரம்பரைக்கு உரியதாகாது. மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் நோக்கி நட்சத்திர வடிவத்தை வரையும் சோதனையையும், ஞாபக சக்தியை அளக்கும் சோதனையையும் அவர் தாமே நடத்தி, கிடைத்த எண்களைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து, தாமே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாரா என்பதை அந்த நோட்டுப் புத்தகமே சொல்லிவிடும். அந்நிய நாட்டாருக்கென இயற்றப்பட்ட உளவியல் வினாப்பட்டியல், தமிழில் மட்டுமே பேசும் ஒரு கிராமத்து மூதாட்டிக்குப் பொருந்துமா என்று கேட்கவும் அவ்வகுப்பு கற்பித்திருக்குமானால், அதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அடுத்து ஆசிரியர்கள். நிரந்தரமாகப் பணியாற்றுவோர் எத்தனை பேர், மாணவரை மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் அனுப்பும்போது உடனிருந்து வழிகாட்டுவோர் யார் என்பவற்றை விசாரித்தறிய வேண்டும். உளவியல் பட்டத்தைத் தொலைநிலையிலும் இணைய வழியிலும் வழங்கலாகாது என்று மானியக் குழு 2025இல் கட்டளையிட்டதும், நேர்முகப் பயிற்சியின் இன்றியமையாமையை உணர்ந்தேயாகும்.

யாவற்றினும் முக்கியமானது, இப்பட்டத்தின் எல்லையை ஸ்தாபனம் ஒளிக்காமல் உரைப்பதாகும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த தகுதியைப் பெற்றவரையே மருத்துவ உளவியலாளராக ஏற்கிறது. இளநிலைப் பட்டமொன்றால் அத்தகுதி கிட்டிவிடாது. அதற்குமேல் முதுநிலைப் படிப்பும் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியும் வேண்டும். இதனைச் சேர்க்கையின்போதே தெளிவாகக் கூறாமல், மூன்றாண்டுகளில் ஆலோசகராகிவிடலாம் என்று ஆசை காட்டுவது மாணவருக்கு இழைக்கும் அநீதி. அரைகுறைப் பயிற்சியுடன் ஆலோசனை கூற அமர்பவரிடம் துயரத்தோடு வந்து சேரும் மனிதருக்கோ அது அதனினும் பெரிய அநீதி.

ஆதலின், ஆசிரியர்களின் தகுதி, பரிசோதனைச் சாலையின் விவரம், பட்டத்தின் வரம்பு ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் சேர்க்கைக் கையேட்டில் அச்சிட்டு வெளியிட வேண்டும்; அவ்வாறு வெளியிடத் தயங்கும் இடத்தில் கட்டணம் செலுத்தப் பெற்றோரும் தயங்க வேண்டும்.