பிள்ளையின் அறிவியல் பாடம்

உங்கள் பிள்ளை பள்ளியில் அறிவியல் படிக்கிறது. என்ன பாடம் நடக்கிறது என்று கேட்டதுண்டா? "நான் படிக்காதவன். அறிவியலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?" என்று சிலர் ஒதுங்கிக் கொள்கிறார்கள். ஒதுங்க வேண்டியதில்லை. ஏன் என்று பார்ப்போம்.

மும்பையில் டிராம்பே என்ற பகுதி இருக்கிறது. அங்கே பாபா அணு ஆராய்ச்சி மையம் உள்ளது. பக்கத்தில் கடற்கழி. இங்குள்ள சீத்தா கேம்ப்பில் தமிழர்கள் பலர் வாழ்கிறார்கள். 1976ஆம் ஆண்டு ஜனதா காலனி மக்கள் இங்கே குடிமாற்றப்பட்டார்கள்.

டிராம்பேக்கு அருகே மான்குர்தில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. இது 1974இல் தொடங்கியது. இந்த மையத்தார் 1 முதல் 5 வரை உள்ள வகுப்புகளுக்கு 'ஸ்மால் சயின்ஸ்' என்ற நூல்களை எழுதினார்கள். இவை மனப்பாடம் செய்வதற்கான நூல்கள் அல்ல. பார், தொடு, அள, கேள் என்று பிள்ளைகளைத் தூண்டும் நூல்கள்.

சிறு வகுப்பு அறிவியலில் என்ன இருக்கிறது? செடி, பூச்சி, உணவு, தண்ணீர், காற்று, வானம், நம் உடம்பு. எல்லாம் நாம் தினமும் காண்பவைதான்.

அளவுப் பாடத்தைப் பாருங்கள். ஒரு கட்டிலைப் பிள்ளை சாணால் அளக்கிறது. 12 சாண் வருகிறது. அப்பா அளந்தால் 9 சாண்தான். கட்டில் ஒன்று. கணக்கு ஏன் இரண்டு? இருவர் கையும் ஒரே அளவு இல்லை. அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக மீட்டர் வந்தது. கொத்தனாருக்கும் தையல்காரருக்கும் இது தெரிந்த விஷயம்தானே?

கடலைப் பாருங்கள். டிராம்பே கழியில் தினமும் இரண்டு முறை நீர் ஏறும். இரண்டு முறை வற்றும். ஆனால் இன்று ஏறிய நேரத்துக்கு நாளை ஏறாது. சுமார் 50 நிமிடம் பிந்தும். நிலவும் நாளுக்கு நாள் ஏறக்குறைய அவ்வளவு பிந்தியே உதிக்கும். நிலவின் ஈர்ப்புத்தான் இதற்கு முக்கியக் காரணம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகமாக ஏறும். பள்ளிக்குப் போகாத மீனவரும் இதை அறிவார். கண்ணால் பார்த்து, நினைவில் வைத்துக் கற்ற அறிவு இது. அறிவியலும் இப்படித்தான் வளர்ந்தது.

பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் "சும்மா இரு" என்று அடக்காதீர்கள். அடக்கினால் அது கேட்பதையே விட்டுவிடும். பாடம் பரீட்சையோடு முடிந்துவிடும். விடை தெரியாவிட்டால் "வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். பெண் பிள்ளைக்கும் அப்படியே சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்:

1. வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் கதவைச் சாணால் அளந்து பாருங்கள். கணக்கு ஒத்து வருகிறதா?

2. காலண்டரில் அமாவாசை நாளைப் பாருங்கள். இரண்டு நாள் கழித்து, தினமும் மாலையில் நிலவைக் கவனியுங்கள். பௌர்ணமி வரை பாருங்கள். நிலவைப் பிள்ளை வரையட்டும். பக்கத்தில் தேதியை நீங்கள் எழுதுங்கள்.