சாரல் காலத்து நாற்றுக்கு மின்விளக்கு

குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் வீரகேரளம்புதூர்ப் பகுதியிலும் மேகமும் பலத்த காற்றும் மிகுதி. அதற்கஞ்சித் தக்காளி, மிளகாய் நாற்றுத் தட்டுகளை வீட்டினுள் வைத்தால், நாற்றுகள் வெளுத்துத் தண்டு நீண்டு, நட்டவுடன் சாய்ந்துவிடும். இது உரக்குறைவன்று, யூரியா இடுவது வீண். குறைவு வெளிச்சத்திலேயே உள்ளது.

நாலடிப் பலகைக்கு வெள்ளையடித்து, அதன் அடிப்புறம் 20 வாட் வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கு இரண்டைப் பொருத்தி, நாற்று நுனிக்கு அரை அடி மேலே கயிற்றில் தொங்கவிடலாம். நாற்று வளர வளரக் கயிற்றைச் சுருக்கி உயர்த்துதல் வேண்டும். பழைய குண்டு பல்பு உதவாது. அது கொள்ளும் மின்சாரம் பெரும்பாலும் உஷ்ணமாகவே கழியும். தினம் 14 முதல் 16 மணி நேரம் எரிதல் போதுமானது. இராப்பகலாக எரித்தால் தக்காளி இலை மஞ்சளித்துப்போம். தண்ணீர் தெளிக்குமுன் மின்சாரத்தை நிறுத்துவது அவசியம். வெயிலுள்ள மாதங்களில் இச்செலவு அனாவசியமே. நடவுக்கு ஒரு வாரம் முன்னதாகவே நாற்றைச் சிறிது சிறிதாக வெளியில் வைத்து, வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்குதல் வேண்டும்.