பாறைக் கோட்டையும் பழைய நெடுஞ்சாலையும்

பைபிளின் பழைய ஏற்பாட்டில் மிகச் சிறிய நூல் ஒபதியா. மொத்தம் 21 வசனங்கள்தான். இன்றைய ஜோர்டானின் தென்பகுதியில் இருந்த ஏதோம் நாட்டைப் பற்றிய தீர்க்கதரிசனம் அது.

மலைப் பாறைகளே அரண் என்பதால், தன்னை யாரும் நெருங்க முடியாது என்று ஏதோம் இறுமாந்திருந்தது. அதைவிடப் பெரிய குற்றம் ஒன்றையும் தீர்க்கதரிசி சுட்டுகிறார். எருசலேம் சூறையாடப்பட்ட நாளில் ஏதோமியர் வேடிக்கை பார்த்து மகிழ்ந்தார்கள். இத்தனைக்கும் இரு இனத்தாரும் ஏசா, யாக்கோபு என்ற அண்ணன் தம்பி வழி வந்தவர்கள்! அந்த ஏதோம் இன்று இல்லை, இடிபாடுகளே மிச்சம்.

இது பழங்கதைதானே என்கிறீர்களா? நம் சிம்பாங் ரெங்கம் வழியே போகும் பழைய நெடுஞ்சாலையை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரை வீழ்த்த முடியாத கோட்டை என்று பிரிட்டிஷார் பெருமை பேசினார்கள். பெரிய பீரங்கிகள் கடலைக் காவல் காத்தன. எதிரியோ தரை வழியாக வந்தான். 1942 ஜனவரியில் ஆயர் ஈத்தாமிலிருந்து பின்வாங்கிய படை இவ்வழியேதான் தெற்கே ஓடியது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது.

வென்ற ஜப்பானியரும் பாடம் கற்கவில்லை. பல்லாயிரம் தோட்டத் தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். 1945 ஆகஸ்டில் அந்த ஆணவமும் சரிந்தது.

இந்தத் தீர்க்கதரிசனம் வல்லரசுகளுக்கு மட்டும் சொல்லப்பட்டதல்ல. அண்ணன் வீடு எரியும்போது திண்ணையில் உட்கார்ந்து பார்க்கும் தம்பியும் ஏதோமியன்தான். அடுத்த வீட்டின் துன்பத்தில் நாம் எந்தப் பக்கம் நின்றோம் என்பதே இன்று நம்மிடம் அது கேட்கும் கேள்வி.