பைக்கின் பெயரா, ஓட்டுபவரின் கையா? மலையக வியாபாரிகள் போட வேண்டிய கணக்கு

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஒருவர் மோட்டார் சைக்கிள் வாங்கப் போவதாகச் சொன்னால் போதும், ஆலோசனைகள் குவிந்துவிடும். "சிடி 100 எடுங்க நானா, பெற்றோல் குடிக்காது, மூட்டை ஏற்றினாலும் முனகாது" என்பார் ஒருவர். "ஹொண்டா என்றால் விற்கும்போது விலை போகும்" என்பார் இன்னொருவர். இளைஞர்கள் பல்சரைச் சொல்வார்கள். ஸ்கூட்டரைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது பெண்பிள்ளைகள் ஓடுவது" என்று முடித்துவிடுவார்கள். எஞ்சின் எத்தனை சிசி, லீசிங் மாதம் எவ்வளவு, ஸ்பெயார் பார்ட்ஸ் கிடைக்குமா என்று எல்லாம் கேட்கிறோம். வாங்குபவருக்கு இறக்கத்தில் பிரேக் பிடிக்கத் தெரியுமா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

மலையகத்தில் மோட்டார் சைக்கிள் பொழுதுபோக்குச் சாமான் அல்ல, தொழிற்கருவி. டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களுக்குத் தவணை முறையில் துணி கொண்டு செல்பவர், டிவிஷன் கடைகளுக்குச் சாமான் ஓடர் எடுப்பவர், மரக்கறி சேகரிப்பவர், தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தர், பாடசாலை ஆசிரியர் என்று பலரின் அன்றாட உழைப்பும் இரண்டு சக்கரங்களின் மேல் நடக்கிறது. நாட்டில் பதிவு செய்யப்பட்டுள்ள வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய பைக்குகளின் விலை ஏறியதை நாம் அறிவோம். 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டது. கியூஆர் முறை வந்தபோது ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். 2025இல் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்த பிறகு, பழைய வண்டியைக் கொடுத்துப் புதியது எடுக்க நினைக்கும் வியாபாரிகள் அதிகம். எனவே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க இதுவே பொருத்தமான நேரம்.

பெயர்கள் எங்கே பிறந்தன?

'இந்தப் பைக் இன்னாருக்கு' என்ற எண்ணம் எமது தெருவில் தானாக முளைத்ததல்ல. அமெரிக்காவில் 1950களில் மோட்டார் சைக்கிள் என்றால் முரடர்களின் வாகனம் என்ற எண்ணம் பரவியிருந்தது. 1953இல் வெளிவந்த 'த வைல்ட் வன்' திரைப்படம் அதை இன்னும் ஆழமாகப் பதித்தது. ஜப்பானின் ஹொண்டா நிறுவனம் 1958இல் அறிமுகப்படுத்திய சிறிய சுப்பர் கப் பைக்கை அந்நாட்டில் விற்க வந்தபோது, 1963இல் ஒரு விளம்பர இயக்கத்தை நடத்தியது. இல்லத்தரசிகளும் மாணவர்களும் கண்ணியமான குடும்பத்தவர்களும் ஹொண்டாவில் போவதாகப் படம் போட்டது. எஞ்சினைப் பற்றி அல்ல, ஓட்டுபவரின் குணத்தைப் பற்றியே அந்த விளம்பரம் பேசியது. வியாபாரம் பெருகியது. 2017இல் சுப்பர் கப் வகையின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது.

இந்தியாவிலும் கதை இதுதான். 1980களில் ஹீரோ ஹொண்டா பெற்றோல் சிக்கனத்தை முன்வைத்து நடுத்தரக் குடும்பத்தின் பைக் ஆனது. 2001இல் வந்த பஜாஜ் பல்சர், ஆண்மையின் அடையாளமாகவே விளம்பரப்படுத்தப்பட்டது. ஸ்கூட்டி கல்லூரிப் பெண்களுக்கு என்று சொல்லி விற்கப்பட்டது. அந்த வண்டிகள் கப்பலேறி இங்கு வந்தபோது அவற்றின் விளம்பரப் பெயர்களும் கூடவே வந்து சேர்ந்தன.

பெயருக்கு வியாபாரப் பெறுமதி உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. விற்கும்போது விலை கிடைப்பதும், ஹட்டன் கராஜில் பார்ட்ஸ் கிடைப்பதும் பெயரோடு சேர்ந்த நன்மைகள். ஆனால் அதே பெயர் ஓட்டுபவரின் மனதிலும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பல்சரில் ஏறும் தம்பி, அந்தப் பைக்குக்கு ஏற்றபடி ஓட வேண்டும் என்று நினைக்கிறார். சிடியில் ஏறும் நானா, 'இது மெதுவாகப் போகும் வண்டிதானே, என்ன நடக்கப் போகிறது' என்று நினைக்கிறார். இரண்டு நினைப்புமே ஆபத்தானவை.

மலைக்கு விளம்பரம் தெரியாது

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கு காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எனவே கார்புரேட்டர் பொருத்திய பைக் அங்கு பலம் குன்றும், பெற்றோலையும் சற்று அதிகமாகக் குடிக்கும். விளம்பரத்தில் சொல்லும் லீற்றருக்கு இத்தனை கிலோ மீற்றர் என்ற கணக்கு சமதரைக்கு உரியது. ரம்பொடை ஏற்றத்துக்கோ கினிகத்தேனை ஏற்றத்துக்கோ உரியதல்ல.

ஸ்கூட்டர் விடயத்திலும் நாம் தவறான கேள்வியையே கேட்கிறோம். அது ஆணுக்கா பெண்ணுக்கா என்பது பிரச்சினையே அல்ல. கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் சக்தி குறைவு, சக்கரமும் சிறியது. நீண்ட இறக்கத்தில் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். செங்குத்தான தோட்டப் பாதையில் தினமும் இறங்குபவர், ஆணானாலும் பெண்ணானாலும், யோசிக்க வேண்டியது இதைத்தான்.

ஆய்வுகள் சொல்வது

அமெரிக்காவின் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹரி ஹேர்ட் தலைமையிலான குழு, லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டது. விபத்துக்குள்ளானவர்களில் 92 வீதமானோர் தாமாகவோ குடும்பத்தவரிடமோ நண்பரிடமோ ஓட்டப் பழகியவர்கள். ஆபத்து எதிரே வந்தபோது பலர் பின் பிரேக்கை மட்டும் அழுத்திச் சறுக்கினார்கள், முன் பிரேக்கை உரிய அளவுக்குப் பயன்படுத்தவில்லை. விபத்துக்குச் சற்று முன் இருந்த வேகத்தின் இடைநிலை அளவு மணிக்கு 48 கிலோ மீற்றர்தான். மெதுவாகப் போகும் வண்டியில் ஒன்றும் நடக்காது என்ற எண்ணத்துக்கு இதை விடத் தெளிவான பதில் வேண்டுமா?

அது பெரிய பைக் ஓடும் நாடு, எமக்குப் பொருந்தாது என்று சிலர் சொல்லக்கூடும். எம்மைப் போலச் சிறிய பைக்குகள் ஓடும் தாய்லாந்தில் இதே முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விபத்துகள் பின்னர் ஆராயப்பட்டன. அங்கும் முறையான பயிற்சி பெற்றவர்கள் அரிதிலும் அரிதாகவே இருந்தார்கள்.

எமது மலையகத்திலும் பெரும்பாலானோர் அண்ணனின் பைக்கில், தோட்டத்துப் பாதையில் பழகியவர்கள்தான். பின்னர் லைசன் எடுக்கும்போது கொடுக்கும் பரீட்சை சமதரையில், மெதுவான வேகத்தில் நடப்பது. பனி மூட்டத்தில் வளைவு எடுப்பதை அது சோதிப்பதில்லை.

நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலத்தில் நடைபெறும் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. ஏற்றத்தில் சீறிச் செல்லும் பைக்குகளைப் பார்த்து எமது பிள்ளைகள் மயங்குகிறார்கள். ஆனால் அந்தப் பாதை அன்று மூடப்பட்டிருக்கும், ஓட்டுபவர் உடல் முழுதும் பாதுகாப்பு அங்கி அணிந்திருப்பார், எதிரே பஸ் வராது. பந்தயக்காரருக்கு ஏறினால் போதும். வியாபாரி ஏறவும் வேண்டும், திறந்த வீதியில் பாரத்தோடு இறங்கவும் வேண்டும்.

இறக்கத்தின் பாடங்கள்

பயிற்சியில் கற்க வேண்டியவை இரகசியங்கள் அல்ல. ஆனால் வாயால் சொல்வதால் கைக்கு வந்துவிடாது, செய்து பழக வேண்டும்.

* நியூட்ரலில் விட்டு இறக்கக் கூடாது. பெற்றோல் மிச்சம் என்று பலர் இதைச் செய்கிறார்கள். புதிய ஃபியூவல் இன்ஜெக்ஷன் பைக்குகளில் கியரில் இருந்தபடி எக்ஸலேட்டரை மூடினால் எஞ்சினுக்கு எரிபொருள் போவதே நிறுத்தப்படும். நியூட்ரலில்தான் எஞ்சின் பெற்றோல் குடித்துக்கொண்டிருக்கும். பழைய பைக்கில் மிச்சமாவது சொற்பம், பிரேக் தேய்வது அதிகம்.
* ஏறுவதற்கு எந்த கியர் தேவையோ ஏறத்தாழ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் ட்ரம் பிரேக் சூடாகிப் பிடியை இழக்கும்.
* பிரேக் பிடிக்கும்போது பாரம் முன் சக்கரத்துக்குப் போகிறது, இறக்கத்தில் இன்னும் அதிகமாக. எனவே முன் பிரேக்கைப் படிப்படியாக இறுக்கிப் பிடிக்கப் பழக வேண்டும். திடீரென அள்ளிப் பிடிப்பதும் தவறு, பயந்து தொடாமல் விடுவதும் தவறு.
* வேகத்தை வளைவுக்கு முன்பே குறைக்க வேண்டும். வளைவுக்குள் சரிந்து கொண்டிருக்கும்போது பிரேக் அழுத்தினால் டயர் பிடி விடும். குறுகிய வளைவில் பஸ் எமது பக்கத்துக்கும் வரும் என்று எதிர்பார்த்தே போக வேண்டும்.
* ஈரமான ரயில் தண்டவாளத்தை நேர் குறுக்காகக் கடக்க வேண்டும். கொழுந்து லொறிகள் விட்டுச் செல்லும் சேற்றிலும் வீதியின் வெள்ளைக் கோட்டிலும் பிரேக் பிடிக்கக் கூடாது. பனி மூட்டத்தில் ஹெட்லைட்டைத் தாழ்த்திப் போட வேண்டும்.
* மூட்டையைப் பின்னால் உயரமாகக் கட்டினால் ஏற்றத்தில் முன் சக்கரம் இலேசாகி ஹேண்டில் ஆடும். பாரம் தாழ்வாகவும் நடுவோடு ஒட்டியும் இருக்க வேண்டும்.

எல்லாப் பயிற்சியும் நன்மை தருமா?

நேர்மையாகச் சொன்னால், இல்லை. நோர்வேயில் 1970களின் இறுதியில் வழுக்கும் வீதியில் வாகனம் ஓட்டும் பயிற்சி புதிய சாரதிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் ஆராய்ந்தபோது, அப்பயிற்சி பெற்ற இளம் ஆண்களிடையே வழுக்கும் வீதி விபத்துகள் கூடியிருந்தது தெரியவந்தது. சறுக்கினால் சமாளித்துவிடலாம் என்ற மிதப்பு அவர்களை வேகமாக ஓட வைத்தது. மோட்டார் சைக்கிள் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான ஒரு மீளாய்வும், எந்த முறைப் பயிற்சி சிறந்தது என்று முடிவாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றே கூறியது.

இதிலிருந்து பயிற்சி வேண்டாம் என்று முடிவு செய்யக் கூடாது. வித்தை காட்டப் பழக்கும் பயிற்சி வேண்டாம் என்பதே பாடம். எங்கே நிறுத்துவது, எப்போது விட்டுக் கொடுப்பது, எந்த மழையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தேநீர்க் கடையில் காத்திருப்பது என்று கற்பிக்கும் பயிற்சியே எமக்குத் தேவை.

முதலாளியின் கணக்கு

இலங்கையில் வீதி விபத்துகளில் ஆண்டுதோறும் 2,000க்கும் அதிகமானோர் உயிரிழக்கிறார்கள். அவர்களில் பெரும் தொகையினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். கடையில் வேலை செய்யும் பையனை பைக்கில் அனுப்பும் ஒவ்வொரு முதலாளியும் பின்வருவனவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, லைசன். 100 சிசி வரையான பைக்குக்கு ஏ1 வகுப்பு, அதற்கு மேற்பட்டதற்கு ஏ வகுப்பு. ஏ1 மட்டும் உள்ளவரிடம் 150 சிசி பைக்கைக் கொடுத்தனுப்பி விபத்து நடந்தால், பொலிஸிலும் காப்புறுதிக் கம்பனியிலும் முதலாளியே பதில் சொல்ல வேண்டி வரும்.

இரண்டாவது, காப்புறுதி. மூன்றாம் தரப்புக் காப்புறுதி அடுத்தவரின் நட்டத்துக்கானது. உங்கள் பைக்குக்கோ அதை ஓட்டிச் சென்ற பையனின் முறிந்த காலுக்கோ அது வராது. வேலை நேரத்தில் வேலை நிமித்தம் காயப்படும் ஊழியருக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்பதை 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நெடுங்காலமாகவே சொல்லி வருகிறது.

மூன்றாவது, ஹெல்மெட். அது மரண ஆபத்தை 42 வீதத்தாலும் தலைக்காய ஆபத்தை 69 வீதத்தாலும் குறைப்பதாக 2008இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு காட்டியது. பொலிஸுக்காகத் தலையில் வைத்துப் பட்டியைப் பூட்டாமல் விடும் ஹெல்மெட் இந்தக் கணக்கில் சேராது.

நான்காவது, வண்டியின் பிரேக். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய பைக்குகளில் 125 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு ஏபிஎஸ், அதற்குக் குறைந்தவற்றுக்கு இரு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் முறையாவது கட்டாயமாக்கப்பட்டது. வாங்கப் போகும் மொடலில் இவை உண்டா என்று பெயரைக் கேட்பதற்கு முன் கேளுங்கள்.

இவற்றோடு பயிற்சிச் செலவையும் வைத்துப் பாருங்கள். ஒரு பையனின் ஒரு நாள் சம்பளம், கொஞ்சம் பெற்றோல், அனுபவமுள்ள ஒரு பயிற்றுநருக்கான கட்டணம், அவ்வளவுதான். மறுபக்கத்தில் இருப்பது மாதக் கணக்கில் ஆஸ்பத்திரி, முடங்கிப் போன விநியோகம், நிற்காமல் வரும் லீசிங் தவணை, உழைக்கும் ஒரே கையை இழந்த ஒரு வீடு.

தனி ஒரு கடைக்கு இது பாரமாகத் தோன்றினால் நகரின் வர்த்தகச் சங்கம் முன்வரலாம். ஹட்டன் டன்பார் மைதானம் போன்ற ஓர் இடத்தில், உரிய அனுமதியோடு, ஒரு ஞாயிறு காலையில் பொலிஸ் போக்குவரத்துப் பிரிவையும் நல்லதொரு சாரதிப் பயிற்சிப் பாடசாலையையும் அழைத்து இருபது பேருக்குப் பிரேக் பிடிக்கக் கற்றுக் கொடுக்கலாம். பின்னர் ஒரு மெதுவான இறக்கத்தில் இருவர் இருவராகப் பழக்கலாம். எந்தக் கம்பனிப் பைக்கில் வந்தாலும் பாடம் ஒன்றுதான்.

பைக்கின் பெயர் விற்கும் நாளில் சில ஆயிரம் ரூபாவைக் கூட்டித் தரும். ஓட்டுபவரின் கை, அந்த நாள் வரை அவரை வீடு கொண்டுவந்து சேர்க்கும். அடுத்த பைக்குக்குப் பணம் ஒதுக்கும்போது இந்தக் கைக்கும் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள்.