கணிப்பொறியோடு உடன்வர வேண்டியவை

போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைத் தோட்டங்களுக்குச் சென்று பல நாள் தங்கிப் பணிபுரிவோர், மேலே எளிதிற் கிட்டாத பொருளையே முதலில் மூட்டையிற் கட்டுவர். கணிப்பொறியின் இயங்குதளத்தோடு எந்தெந்த மென்பொருள்களைச் சேர்த்து வழங்குவது என்னும் வினாவும் இத்தகையதே.

கட்டற்ற இயங்குதளமாகிய டெபியன் நெடுங்காலம் குறுந்தட்டுகளில் வழங்கப்பட்டது. ஒரு தட்டின் கொள்ளளவு ஏறத்தாழ 700 மெகாபைட்டு. திரையில் சாளரங்களையும் பட்டியல்களையும் காட்டும் மேசைச்சூழலாகிய க்னோம், முதல் தட்டில் அடங்குவது அரிதாயிற்று. எனவே 2012இல் அதனினும் சிறிய எக்ஸ்எஃப்சிஇயை முதன்மையாக்க முனைந்தனர். முடிவு முன்னும் பின்னுமாக அசைந்து, 2014இல் மீண்டும் க்னோமே தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று, உடற்குறை உடையோர்க்கு அது மிகுதியும் உதவுகிறது என்பதாகும். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஓர்க்கா, அச்சூழலோடு இயைந்த கருவி.

‘வேண்டுவோர் பின்னர்ப் பெற்றுக்கொள்ளட்டுமே’ என்பார் உளர். பலவற்றுக்கு இது பொருந்தும். உபுண்டு 2010இல் கிம்ப் என்னும் படத்திருத்தியைத் தன் தொகுப்பினின்றும் நீக்கியது. வேண்டியவர் தாமே பதித்துக்கொள்ள வழியிருந்தது. ஆயின் திரைபடிப்பான் இல்லையெனில், அதனைத் தேடிப் பதிப்பதற்கே கண் வேண்டும். தமிழ் விசைப்பலகை இல்லையெனில், அதனைத் தேடுவதற்கே ஆங்கில எழுத்து வேண்டும். ஒன்றைத் தேடிப் பெறுவதற்கே அவ்வொன்று தேவைப்படுமாயின், அதனைப் பின்னர்ப் பெறுக என்பது எங்ஙனம் பொருந்தும்? இணையத் தொடர்பு மெலிந்த மலைச்சரிவில் இடர் இருமடங்காகும்.

தமிழ்நாடு அரசு 1999இல் தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. சிடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு, 2007இல் பாஸ் என்னும் இயங்குதளத்தை வெளியிட்டது. இந்திய மொழிகளில் எழுதுவதற்கும் படிப்பதற்கும் வேண்டியவை அதன் தொகுப்பிலேயே இடம்பெற்றன. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணிப்பொறித் திட்டத்தில் விண்டோசுடன் பாசும் மாணவர் கைக்கு வந்தது. ஒரே பெட்டியில் இரண்டு இயங்குதளங்கள் எதற்கு என்று அந்நாளில் வினவியோர்க்கு இதுவே விடை எனலாம்.

ஆய்வகக் கணிப்பொறிக்குத் தொகுப்பு அமைக்கும் மாணவர்கள், தமிழ் எழுத்துருவையும் விசைப்பலகையையும் திரைபடிப்பானையும் முதலில் வைக்கவேண்டும். பின்னர்ச் சொற்செயலி ஒன்று, உலாவி ஒன்று போதும். ஒரே பணிக்கு இரண்டு நிரல்கள் இருப்பது புதியவரை மயக்கவே செய்யும். விளையாட்டுகளுக்கு, இடம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.